கள்வனுக்கும் ஒரு குடை



நம் நாட்டிலே பிறந்து, பிறநாட்டுக் குழந்தைகளின் உள்ளத்தையுங் கவர்ந்த சித்திரக் கதைநூல் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். சிங்களத்தில் 'குட ஹொரா', அஃதாவது 'குடைத் திருடன்' என்பது அதன் பெயர். 1927ஆம் ஆண்டு காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையிற் பிறந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் எழுதி, தாமே சித்திரமுந் தீட்டிய இந்நூல் 1956இல் வெளிவந்தது. பிறமொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பட்டு, யப்பானிலும் பாராட்டுப் பெற்றது. அம்மையார் 2020இல் மறைந்தார். நூலோ இன்றும் குழந்தைகளின் கைகளில் இருக்கின்றது.

கதை மிகச் சிறிது. குடையையே அறியாத ஒரு சிற்றூர். மழை வந்தால் வாழையிலையே அங்குக் குடை. அவ்வூர்க் கிரி மாமா பட்டணஞ் சென்று குடையைக் கண்டு வியந்து, ஒன்றை வாங்கி வருகிறார். வழியிற் கோப்பிக்கடைக்குள் நுழைந்து திரும்புவதற்குள் குடை மறைந்துவிடுகிறது. மறுபடியும் வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. ஈற்றில், குடையின் மடிப்பினுள்ளே காகிதத் துண்டுகளை இட்டுவைக்கிறார். உதிர்ந்த துண்டுகளைப் பின்பற்றிச் சென்றால், மரமொன்றிலே குடைகள் தொங்குகின்றன! திருடன் ஒரு குரங்கு. மாமா குடைகளை எடுத்துச் சென்று ஊரிலே குடைக்கடை திறக்கிறார். ஆனால், ஒரு குடையை மட்டும் அம்மரத்திலேயே விட்டுவிடுகிறார்.

அந்த ஒரு குடையிலேதான் இந்நூலின் நீண்ட ஆயுள் தங்கியிருக்கின்றது என்பது என் எண்ணம்.

நான் இளம் ஆசிரியனாயிருந்தபோது, வகுப்பிலே வண்ணப் பென்சிற் பெட்டியொன்று காணாமற் போயிற்று. எடுத்த சிறுவனை எல்லார் முன்னிலையிலும் நிறுத்திக் கடிந்தேன். அவன் வீட்டில் ஒரு வண்ணப் பென்சிலேனும் உண்டா என்று நான் கேட்கவில்லை. அதன்பின் பல நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பல்லாண்டுகள் கழித்து, வேறொரு வகுப்பில் இந்நூலின் படங்களைக் காட்டித் தமிழிலே கதை சொன்னேன். "மாமா ஏன் ஒரு குடையை விட்டுச் சென்றார்?" என்று வினவினேன். "குரங்கும் மழையில நனையுந்தானே, சேர்" என்றாள் ஒரு சிறுமி.

நான் கற்கத் தவறிய பாடத்தை அக்குழந்தை ஒரு சித்திரத்திலிருந்து கற்றுக்கொண்டாள். நூலாசிரியர் நீதியென்று எதனையும் உரைக்கவில்லை. கதை நகைப்பிலேயே முடிகின்றது. ஆகவே, பெற்றோரே, இத்தகைய நூலை மடியில் விரிக்கும்போது விளக்கம் சொல்ல விரையாதீர்கள். குழந்தை படத்தைப் பார்க்கட்டும். அது சொல்வதை நாம் கேட்போம்.