பழைய வண்டியும் வெண்சாலையும்



பழையதைக் காப்பது என்பது பூட்டி வைப்பதா, புழங்க விடுவதா? இலக்கிய அன்பர்களுக்குப் பழகிய இவ்வினாவிற்கு இத்தாலி நாட்டு மிதிவண்டி அன்பர்கள் தம் வழியில் விடை கண்டுள்ளனர்.

அந்நாட்டின் தஸ்கனி பகுதியில், சியேனா நகரை அடுத்த குன்றுகளிடையே, திராட்சைத் தோட்டங்களை ஊடறுத்துச் செல்பவை 'வெண்சாலைகள்'. வெளிறிய சரளை பரவிய மண்பாதைகளே அவை. தார்ச்சாலைகள் பெருகி இவை மறையத் தலைப்பட்டபோது, ஜான்கார்லோ பிரோச்சி என்பார் எளியதோர் உபாயம் கண்டார். 1997ஆம் ஆண்டு காயோலே என்னும் சிற்றூரிலிருந்து 92 பேர் பழைய மிதிவண்டிகளில் அப்பாதைகள் வழியே புறப்பட்டனர். 'லெரோயிக்கா' என்னும் ஆண்டுப் பயணம் இவ்வாறு தோன்றியது. இது பந்தயமன்று. வழியில் ரொட்டியும் காய்கறிக் குழம்பும் திராட்சை மதுவும் உண்டு. ஆயின் விதிகள் கடுமையானவை. வண்டி 1987ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதாதல் வேண்டும். கியர் மாற்றும் நெம்புகோல், பொதுவாகச் சட்டகத்தின் சாய்குழாயில் இருத்தல் வேண்டும். பெடலில் பாதத்தைப் பிணிக்கும் வாரும் வேண்டும்.

அத்தகைய வண்டியைச் செப்பனிடுவோர் பணி சுவடிப் பதிப்பாசிரியர் பணியை ஒத்தது. எது முதலில் அமைந்த உறுப்பு, எது பின்னர் எவரோ மாற்றியது எனப் பிரித்தறிவதே முதற்பணி. அடுத்து வேண்டுவது பொறுமை. எஃகுக் குழாயினுள் அலுமினிய இருக்கைத்தண்டு பல்லாண்டு இறுகிக் கிடக்கும். வலிந்து முறுக்கினால் சட்டகமே சிதையும். எண்ணெய் விட்டு நாட்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். தேய்ந்த பால்ரஸ் குண்டுகளைத் தயங்காது மாற்றலாம். மாற்றுதற்கென்றே அமைந்தவை அவை. சட்டகத்தின் வண்ணமோ அத்தகையதன்று. மங்கியது கண்டு அதனைச் சுரண்டிப் புதுச்சாயம் பூசினால் வண்டி பளபளக்கும். அதன் வரலாறு அழிந்துபோகும். செல்லரித்த இடத்தில் தம் சொல்லைப் பெய்து நிரப்பும் பதிப்பாசிரியரின் பிழையும் இதுவே. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல படிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உழைப்பை ஈண்டு நினைத்தல் தகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரேக் கட்டையும் கம்பியும் டயரும்கூடப் பழையனவாகவே இருத்தல் வேண்டும் என்று பிடிவாதம் செய்வோர், வண்டியைக் காப்பர். மலைச்சரிவில் அதனை ஓட்டுபவரைக் காவார்.

இத்துணை அரிதிற் காத்த வண்டியைச் சரளையில் ஓட்டினால் கல் தெறிக்கும், வண்ணம் உரியும், உறுப்புகள் தேயும். கண்ணாடிப் பேழையில் வைத்தால் இவ்விழப்பு நேராது. இழப்பை அறிந்தே அவர்கள் ஓட்டினர். அதனால் வண்டி மட்டுமன்றிச் சாலையும் பிழைத்தது. அப்பாதைகளுக்கு மதிப்பு உயர்ந்தது. 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பெரும்பந்தயமும் அவற்றில் நடைபெறுகிறது. வண்டியைப் பேழையில் பூட்டியிருந்தால் சாலையைக் காக்க எவரும் எழுந்திரார்.

பழம்பாடலுக்கும் இது பொருந்தும். நாவில் வழங்கும் பாடல் சிறிது திரியலாம், அசை பிறழலாம். அவ்வச்சத்தால் அதனை நூலக அடுக்கிலேயே நிறுத்திவிட்டால் பாடம் பிழையின்றி இருக்கும், பாடுவோர் இரார். திருத்தமான பதிப்பும் வேண்டும், அதனை அஞ்சாது பாடும் நாவும் வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம் இரண்டையும் பேணுமாக.