அணை உடைந்ததா, கதவு விழுந்ததா?

(மலைக்கோட்டைப் பகுதித் தொண்டர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெள்ள காலத்தில் ஜனங்களிடம் எப்படிப் பேசுவது என்பது பற்றிச் சொல்லக் கேட்டீர்கள். நம் ஊர்ச் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-இல் எழுந்த அணை அது.

"அணை உடைந்தது" என்பது இரண்டே சொல். நடுச்சாமத்தில் கரையோரக் குடிசையில் இது காதில் விழுந்தால் தாய் என்ன செய்வாள்? பிள்ளையை வாரிக்கொண்டு ஓடுவாள். ஆனால் மேலணை, மேட்டூரைப்போல் நீரைத் தேக்கும் அணை அல்ல. வருகிற நீரைக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பங்கு பிரிக்கும் அணை. அதற்குச் சில நாள் முன்பே கொள்ளிடத்தில் இன்னும் பெரிய வெள்ளம் போயிற்று. பழைய இரும்புப் பாலத்தின் தூண்களே அதில் சாய்ந்தன. மதகு விழுந்த இரவில் மெய்யான ஆபத்து வேறு. காவிரிக்குப் போக வேண்டிய நீர் உடைந்த வாய் வழியே கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடுமே என்பதுதான். கடைமடையில் நடவு நின்றால் கூலி நிற்கும். ஆகவே, "மதகு விழுந்தது, கொள்ளிடத்தில் இறங்காதீர்கள், மாட்டை ஓட்டி வந்துவிடுங்கள், காவிரியில் நீர் குறையலாம்" என்பதே அன்று சொல்ல வேண்டிய செய்தி. வாக்கியம் கொஞ்சம் நீளந்தான். இருக்கட்டும்.

"இத்தனை லட்சம் கனஅடி" என்று ரேடியோ சொல்கிறது. ஒரு கனஅடி என்றால் நொடிக்குச் சுமார் 28 லிட்டர். வாழைக்கொல்லையில் கூலி வேலை செய்கிறவருக்கு இதில் என்ன விளங்கும்? அம்மா மண்டபத்தில் எத்தனை படி மூழ்கிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். மேட்டூரில் திறந்த நீர் இங்கே வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். நமக்கு அவகாசம் உண்டு.

தண்டோரா போடுவதை 2022 ஆகஸ்டில் சர்க்கார் தடை செய்தது. ஊருக்குப் பறையடித்துச் சொல்வதை ஒரு சாதியின் தலையில் கட்டிய வழக்கம் ஒழிவது நல்லதே. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி வருகிறது. ஆனால் அது சந்துக்குள் நுழையாது. இரவு ஷிப்டு முடித்துத் தூங்குகிறவரை எழுப்பாது. அங்கே நாம் நடந்துதான் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதில் நாளும் மணியும் இல்லையென்றால் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

"ஏன் விழுந்தது?" என்று கேட்பார்கள். மணல் கொள்ளைதான் காரணம் என்று விவசாய சங்கங்கள் சொல்லின. அன்றைய முதலமைச்சர் பழனிசாமி மறுத்தார். மணல் கொள்ளையை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் மூட்டை கட்டுகிறவளிடம் அதுவா முதல் பேச்சு? முதலில் மூட்டையைத் தூக்கிக் கொடுங்கள். பொதுக்கூட்டம் பிறகு போடலாம்.

தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். "கேட்டு வந்து சொல்கிறோம்" என்றால், மழையானாலும் இருட்டானாலும் திரும்பிப் போக வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று சொல்லவாவது போக வேண்டும்.

சிந்தாமணித் தோழர்கள் டீக்கடைக் கரும்பலகை வேலையை எடுத்துக்கொள்ளட்டும். மணியைப் போட்டு எழுதுங்கள். புதுச் செய்தி வந்ததும் பழையதை அழித்துவிடுங்கள்.