பின்னால் வருபவரை நினைத்துக் கட்டுங்கள்: காரில் சைக்கிள் ஏற்றிச் செல்வோருக்கு
(சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

விடிவதற்குள் எழுந்து நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு, களைப்போடு களைப்பாக என் பேச்சையும் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

எங்கள் பதவிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றுதான் சொல்வார்கள். பல வருஷம் லாரியையும் வேனையும் நிறுத்தி, "லோடு சரியாக் கட்டலையே" என்று சத்தம் போட்டவன் நான். என் சொந்த காரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம். கோடை விடுமுறை முடிந்து விழுப்புரத்திலிருந்து சென்னைக்குத் திரும்புகிறோம். அவன் சைக்கிளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அடம். டிக்கியைப் பாதி திறந்து வைத்து, நைலான் கயிறு போட்டு நாலு முடிச்சு இறுக்கிக் கட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கிளம்பிவிட்டோம்.

திண்டிவனம் தாண்டியதும் ஒரு டூவீலர் வேகமாக என் பக்கத்தில் வந்தது. ஓட்டியவர், பின்னால் அவர் மனைவி, நடுவில் ஒரு குழந்தை. "அண்ணே, சைக்கிள் தொங்குது, நிறுத்துங்க!" என்று கத்தினார். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், டிக்கியின் தகட்டு விளிம்பில் உரசி உரசி மூன்று கயிறு அறுந்திருந்தது. ஒரே கயிற்றில் சைக்கிள் தொங்குகிறது. அதுவரை அந்தக் குடும்பம் என் காருக்கு நேர் பின்னால்தான் வந்திருக்கிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். இருபது மீட்டர் பின்னால் வருபவருக்கு, ரோட்டில் விழுந்து கிடக்கும் சைக்கிளைத் தவிர்க்க ஒரு நொடிகூடக் கிடையாது. நம் சாலைகளில் காருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் டூவீலர். அவரைச் சுற்றி இரும்புக் கூடு எதுவும் இல்லை. அன்றைக்கு அந்த நாலாவது கயிறும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

எனவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சைக்கிள் விழாமல் இருந்தால் மட்டும் போதாது. பின்னால் வருபவரை நினைத்துக் கட்ட வேண்டும்.

எங்கே ஏற்றுவது?

மூன்று இடம் உண்டு: காருக்குள்ளே, கூரைமேல், பின்பக்கம்.

ஒரே சைக்கிள்தான் என்றால் காருக்குள்ளே வைப்பதே நல்லது. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பின்சீட்டை மடக்கி, செயினைப் பழைய வேட்டியால் சுற்றி வைத்தால் பெரும்பாலான கார்களில் அடங்கிவிடும். உள்ளே இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். சடன் பிரேக் போட்டால் சைக்கிள் முன்னால் பாயும், முன்னால் உங்கள் தலை இருக்கிறது.

கூரையில் ஏற்றினால் நம்பர் பிளேட் மறையாது, விளக்கும் மறையாது. ஆனால் கூரை எவ்வளவு தாங்கும் என்று காரோடு கொடுத்த கையேட்டில் எழுதியிருப்பார்கள். அதைப் பாருங்கள். அந்த எடையில் கேரியர் கம்பிகளின் எடையும் சேர்த்தி. அடுத்தது உயரம். கார் ஒன்றரை மீட்டர், நிற்கும் சைக்கிள் ஒரு மீட்டருக்குமேல், கேரியரையும் சேர்த்தால் 2.6 மீட்டரைத் தாண்டிவிடும். பேஸ்மென்ட் பார்க்கிங் வாசலில் 2.1 மீட்டர் என்று பலகை தொங்கும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு. ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக் கம்பியும் அப்படித்தான். மொத்த உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

மூன்றாவது, பின்பக்கம். நீங்கள் பலரும் இதைத்தான் வைத்திருக்கிறீர்கள். வெளியே நிற்கும் கார்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

பின்பக்கம் மறைப்பது என்னென்ன?

முதலில் விளக்கு. டயரும் பெடலும் பின்விளக்கையும் இண்டிகேட்டரையும் மறைத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் பிரேக் போட்டது பின்னால் வருபவருக்குத் தெரியாது. இரவில் உங்கள் கார் எவ்வளவு அகலம் என்பதே தெரியாது.

அடுத்தது நம்பர் பிளேட். முன்னும் பின்னும் பதிவெண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 50-ஆவது விதி. "நான் வேணும்னு மறைக்கலையே சார்" என்பார்கள். வேண்டுமென்று மறைத்தாலும் தெரியாமல் மறைத்தாலும் பின்னால் இருப்பவருக்கு ஒன்றுதான். ஒரு விபத்து நடந்தால், அடிபட்டவருக்கு நியாயம் கிடைக்கும் வழி அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அட்டையில் எண்ணை எழுதிச் சைக்கிள்மேல் மாட்டிக்கொள்வதும் தீர்வு ஆகாது. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையோடுதான் வருகின்றன. எழுதி மாட்டிய அட்டை அதற்கு மாற்று இல்லை. நம்பர் பிளேட்டுக்கு மேலே சைக்கிளைத் தூக்கி நிறுத்தும் கேரியராகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது அகலம். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் நீளவாக்கில் 1.7 மீட்டருக்குமேல் இருக்கும். நம்முடைய சின்ன கார்களின் அகலம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சைக்கிளைக் குறுக்கே மாட்டினால் டயர் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இடுக்கில் நுழைந்து வருகிற டூவீலர்காரரின் முழங்கைக்கு நேராக அது இருக்கும். முன்சக்கரத்தைக் கழற்றினால் இந்தத் தொல்லை தீர்ந்தது, ஐந்து நிமிட வேலை. சட்டமும் இதில் கடுமையானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் ரூ. 20,000 அபராதம் என்கிறது. சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

எடை போடும் கணக்கு

45 கிலோதானே, ஒரு ஆள் எடைகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அது பின்சக்கரத்துக்கும் பின்னால், வெளியே தொங்குகிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமை பின்சக்கரத்துக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், பின்சக்கரங்களில் ஏறும் பாரம் 45 கிலோ அல்ல, சுமார் 67 கிலோ. முன்சக்கரங்களிலிருந்து சுமார் 22 கிலோ குறைந்துவிடும். பிள்ளைகள் ஆடும் சீசாப் பலகை மாதிரிதான். டிக்கியிலும் பெட்டிகளை அடைத்துப் பின்சீட்டிலும் மூன்று பேர் உட்கார்ந்தால், முன்பக்கம் இன்னும் லேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். கனமான பெட்டிகளை முன்னுக்குத் தள்ளி வையுங்கள். கேரியரில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதோ அதற்குமேல் வேண்டாம். மின் சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எடையும் குறையும்.

சில நண்பர்கள் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காருக்குப் பின்னால் ட்ரெய்லர் வீடு இழுத்து, அதன் முதுகில் சைக்கிள் மாட்டலாமா என்று கேட்டிருந்தார்கள். நம் ஊரில் அது அரிது. ஆனாலும் காரணம் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அமர வேண்டும் என்பார்கள். 1,000 கிலோ ட்ரெய்லர் என்றால் குறைந்தது 100 கிலோ. ட்ரெய்லரின் கடைக்கோடியில் 40 கிலோ சைக்கிளைத் தொங்கவிட்டால், அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தைப் பொறுத்துக் கொக்கியின் பாரம் 25 கிலோ வரைகூடக் குறையலாம். கொக்கி லேசானால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிந்தால் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். அதோடு, ட்ரெய்லரின் வால்பகுதி குழியில் குதிக்கிற குதியைக் காருக்கென்று செய்த கேரியர் தாங்காது. பல கேரியர் நிறுவனங்களே ட்ரெய்லரில் மாட்டாதே என்று எழுதித்தான் விற்கின்றன. ட்ரெய்லருக்குள் அச்சுக்கு மேலே படுக்க வைப்பது, இல்லையென்றால் காரின் கூரையில் ஏற்றுவது, இவைதான் வழி. இன்னொரு விஷயம், என்ஜின் இல்லாவிட்டாலும் நம் சட்டத்தில் ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும்.

கட்டுவது எப்படி?

நைலான் கயிறு விளிம்பில் உரசி அறுந்துபோகும், அது என் அனுபவம். ரப்பர் ட்யூபும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறும் இழுபடும். அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பிவிடக் கூடாது. அகலமான பட்டையும் பக்கிளும் வேண்டும். பட்டையின் கொக்கியை டிக்கிக் கதவின் இரும்பு விளிம்பில் மாட்டுங்கள், கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ மாட்டாதீர்கள். சைக்கிளின் சட்டத்தைத் தனியாகக் கட்டி, சக்கரங்களையும் ஹேண்டில்பாரையும் ஆடாமல் கட்டுங்கள். மீதி நுனியைச் சுருட்டிச் செருகுங்கள், பறந்துகொண்டே வந்தால் அவிழ்ந்துவிடும். தண்ணீர் பாட்டில், பம்ப், சீட்டுக்கடியில் இருக்கும் பை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சைக்கிள் டயர் புகைக்குழாய்க்கு நேராக இருந்தால் சூட்டில் வெடிக்கும், அதையும் பாருங்கள்.

கிளம்பி ஐந்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்துங்கள். புதிதாகக் கட்டிய பட்டை முதல் சில கிலோமீட்டரில்தான் தளரும். இழுத்து இறுக்கிவிட்டுப் போங்கள். டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் ஒரு முறை கை வைத்து ஆட்டிப் பாருங்கள்.

கையில் இருக்கும் போனால் ஆகும் வேலை

எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. கிளம்பும் முன் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நில்லுங்கள். வீட்டில் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்க இண்டிகேட்டரும் போடச் சொல்லுங்கள். நீங்கள் வீடியோ எடுங்கள். பிறகு அதைப் பாருங்கள். நம்பர் பிளேட்டின் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் தெரிகிறதா? விளக்குகள் எல்லாம் தெரிகின்றனவா? ஏதாவது ஒன்று தெரியவில்லையென்றால் சைக்கிளை இறக்கி மாற்றி மாட்டுங்கள். இரண்டு நிமிடம் ஆகாது. பின்னால் வருபவர் பார்ப்பதை நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆர்.சி., லைசென்ஸ் இரண்டையும் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் ஏற்றி வையுங்கள், சோதனையில் காட்டினால் செல்லும். வண்டிமேல் அபராதச் சலான் இருக்கிறதா என்பதை இ-சலான் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் ஏதாவது பொருள் விழுந்து கிடந்தால் 1033. அவசரம் என்றால் 112. அடிபட்டவர் இருந்தால் 108. நம் சைக்கிளே விழுந்துவிட்டாலும் ஓடிப்போய் எடுக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, போனை எடுங்கள். சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டத்தில் கேட்கப்பட்டவை

"சார், சைக்கிளோட பின்னாடி சிமிட்டுற லைட்டைப் போட்டுவிட்டா போதாதா?"

போதாது தம்பி. அது எப்போதும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பிரேக் போட்டதை அது சொல்லாது. பிரேக் லைட்டுக்கு அது ஈடாகாது.

"நாலு சைக்கிள் இருக்கு சார், எப்படிக் கொண்டுபோறது?"

காரில் நாலும் வேண்டாம்மா. ரயில் நிலைய பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்து அனுப்பலாம். முன்கூட்டியே போய் விசாரித்துக்கொள்ளுங்கள். போய் இறங்கின ஊரில் வாடகைக்குக் கிடைக்குமா என்றும் பாருங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. அன்றைக்குத் திண்டிவனம் பக்கத்தில் என்னை நிறுத்தியவர் பெயர் எனக்குத் தெரியாது. நன்றி சொல்வதற்குள் போய்விட்டார். நீங்களும் ரோட்டில் போகும்போது யாருடைய சுமையாவது அவிழ்ந்து தொங்கினால், நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். பாதுகாப்பாக ஓரம் வந்து ஒரு குரல் கொடுங்கள். இப்போது எல்லோரும் வெளியே வாருங்கள், உங்கள் கார்களின் பின்னால் பத்தடி தள்ளி நின்று அந்த வீடியோவை எடுத்துப் பார்ப்போம்.