ஒரு மணித்தியாலக் காவல்

"அக்கா, ஒரு லயபிலிட்டி பேப்பர் எடுத்துத் தாங்கோ. நாளைக்கு விடிய சைட்டில காட்டவேணும்."

லண்டனில் காப்புறுதித் தரகராக இருக்கும் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். கவனித்தீர்களா, காப்புறுதி எடுத்துத் தாங்கோ என்று கேட்கவில்லை. பேப்பர். பிளம்பரோ பெயின்டரோ கூரை வேலை செய்பவரோ, அவருக்கு வேண்டியது "2 மில்லியன் பவுண்" என்று போட்ட ஒரு பக்கச் சான்றிதழ். அதைக் காட்டினால்தான் பெரிய கொன்ட்ராக்டர் கேட்டைத் திறப்பார். அந்த ஒரு பக்கத்தோடு சேர்த்து நாற்பது பக்கப் புத்தகம் ஒன்றும் ஈமெயிலில் வந்திருக்கும். அதைத் திறந்து பார்த்தவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே போதும்.

இன்று அந்த நாற்பது பக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. பயப்படாதீர்கள் நேயர்களே, எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம்தான்.

நீங்கள் செய்யும் வேலையால் வெளியாள் ஒருவருக்கோ அவருடைய சொத்துக்கோ சேதம் வந்து, நீங்கள் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று வந்தால், உங்களுக்காக அதைக் கொடுப்பதுதான் பப்ளிக் லயபிலிட்டி காப்புறுதி. இந்த நாட்டில் கார் ஓட்டுகிறவர் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். சொந்தமாகத் தொழில் செய்யும் பிளம்பருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால், குறைந்தது இன்னின்னது உள்ளே இருக்கவேண்டும் என்று சட்டம் வரையறுக்கவும் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது கொம்பனியின் கையில். இரண்டு கொம்பனிகளின் பேப்பரிலும் 2 மில்லியன் என்றுதான் இருக்கும். ஒன்றின் விலை மற்றதில் பாதியாக இருந்தால், அந்த மிச்சப் பாதி எங்கே போனது என்று கேளுங்கள். அது அந்த நாற்பது பக்கத்துக்குள் போயிருக்கும்.

கெட்டிக்காரர் சிலர் நேரே விலக்குகள் என்ற தலைப்புக்குப் போவார்கள். அங்கே யுத்தம், அணுக்கதிர், அஸ்பெஸ்டோஸ் என்று இருக்கும். "எனக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று மூடிவிடுவார்கள். (அஸ்பெஸ்டோசுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் உண்டு, பெயின்டர் தம்பிமாரே. 2000க்கு முன் கட்டிய வீட்டின் புள்ளி போட்ட சீலிங்கைத் தேய்க்க முன் சோதித்துப் பாருங்கள்.) ஆனால் ஆளை விழுத்துகிற விலக்கு பெரும்பாலும் விலக்கு என்ற தலைப்பின் கீழ் இருக்காது. நிபந்தனைகள் என்ற பகுதியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதில் நெருப்பு வேலை பற்றிய நிபந்தனைதான் என் நித்திரையைக் கெடுத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிளம்பர் தம்பி ஒருவர். நல்ல வேலைக்காரர். ஒரு சனிக்கிழமை, மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் குளியலறைச் செப்புக் குழாயைக் காஸ் டோர்ச் பிடித்து ஈயம் வைத்து ஒட்டினார். வேலை முடியப் பன்னிரண்டரை. மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏற்றவேண்டும். சாமானைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டார். குழாய்க்குப் பின்னால் மரச்சட்டச் சுவர். அதன் உள்ளே எந்தக் காலத்திலோ எவரோ விட்டுப்போன மரத்தூளும் பழைய கடதாசியும். டோர்ச்சின் சூடு அதில் ஏறியிருக்கிறது. வெளியே சுவாலையும் இல்லை, புகையும் இல்லை. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான். ஒன்றரை மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் புகை மணத்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. குளியலறையும் பக்கத்து அறையும் கருகிப்போயின.

கொம்பனியிலிருந்து விசாரணைக்கு வந்தவர் மிகவும் மரியாதையான மனிதர். மூன்று கேள்விதான் கேட்டார். சுற்றியிருந்த எரியக்கூடிய பொருட்களை அகற்றினீர்களா, மூடினீர்களா? தீயணைப்பான் பக்கத்தில் இருந்ததா? வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தீர்களா?

தம்பி பொய் சொல்லத் தெரியாதவர். தீயணைப்பான் வானில் இருந்தது என்றார். கீழே தெருவில் நிறுத்திய வானைச் சொல்கிறார், ஆகாயத்தை அல்ல. மூன்றாம் மாடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கிளெய்ம் மறுக்கப்பட்டது. அதோடு முடியவில்லை. வீட்டுக்காரருக்கு அவருடைய சொந்தக் காப்புறுதி பணம் கொடுத்தது. கொடுத்த கையோடு, அந்தக் கொம்பனி தன் காசைத் தா என்று தம்பிக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. இன்னும் மாதத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பொலிசியை எடுத்துக் கொடுத்தது நான்தான். புத்தகத்தை ஈமெயிலில் அனுப்பினேன், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நிபந்தனையைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். காரணம் இருக்கிறது. சசெக்ஸில் அப்பார்க் என்று ஒரு பழைய மாளிகை, நஷனல் டிரஸ்டின் பொறுப்பில் இருப்பது. கூரைத் திருத்த வேலை முடியும் தறுவாயில், 1989 ஓகஸ்ட் 30 அன்று, கூரையின் ஈயத்தகட்டில் நெருப்பு வேலை செய்தபோது தீப்பிடித்தது. ஓவியங்களையும் தளபாடங்களையும் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மேல்மாடி முழுவதும் போய்விட்டது. திருத்தித் திரும்பத் திறக்க 1995 ஆனது. மரமும் தூசியும் நிறைந்த பழைய கட்டடத்தில் சூடு எங்கே போய் ஒளியும் என்று எவருக்கும் தெரியாது. ஒரு மணித்தியாலம் நில் என்பது அனுபவத்தில் பிறந்த சொல். சில பொலிசியில் அது அரை மணித்தியாலமாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். என் கோபம், அதை 31ஆம் பக்கத்தில் வைப்பதில். சான்றிதழின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது நெருப்பு வேலை செய்கிற எவருக்கும் பேப்பர் அனுப்ப முன் நானே கேட்பேன்: "தம்பி, டோர்ச் பிடிப்பீங்களோ? முடிஞ்ச பிறகு எவ்வளவு நேரம் நிப்பீங்கள்?" சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டோர்ச்சை அணைத்ததும் போனில் ஒரு படம், வீட்டை விட்டு இறங்க முன் இன்னொரு படம், இரண்டிலும் தீயணைப்பான் தெரியவேண்டும். படத்தில் நேரம் தானாகப் பதிந்திருக்கும். கடைசியாகச் செய்யும் வேலையை நெருப்பு வேலையாக வைக்காதீர்கள். அதைக் காலையில் முடித்துவிட்டு மிச்ச வேலையைப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் தானாகப் போய்விடும்.

நேரம் ஓடுகிறது. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பொலிசியில் உங்கள் தொழில் என்று ஒரு வரி இருக்கும். "பெயின்டர்" என்று போட்ட அண்ணை ஒருவர், வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டார் என்று சமையலறைச் சிங்க்கை மாற்றிக் கொடுத்தார். இரவோடிரவாகத் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங்கால் இறங்கியது. பெயின்டருக்கும் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று கொம்பனி கேட்டது, அவரிடம் பதில் இல்லை. ஒரு ஈமெயில் போட்டிருந்தால் அந்த வேலையையும் சேர்த்திருக்கலாம்.

எந்தப் பொருளில் வேலை செய்கிறீர்களோ, அந்தப் பொருளுக்கே வரும் சேதம் பெரும்பாலும் விலக்கு. கல் மேசைத்தட்டை வெட்டும்போது அது பிளந்தால் உங்கள் செலவு. துண்டு விழுந்து தரை உடைந்தால் கொம்பனியின் செலவு. பிழையாகச் செய்ததைத் திருப்பிச் செய்யும் கூலியும் கிடைக்காது. உயரத்துக்கும் தோண்டும் ஆழத்துக்கும் மீட்டர் கணக்கில் எல்லை போட்டிருப்பார்கள். இரண்டு மாடி வீடு என்று நினைத்துப் போனவர் புகைபோக்கி உச்சியில் நிற்கும்போது அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

அடுத்தது, கைக்கு உதவியாக வாற மச்சான். நீங்கள் சொல்வதைச் செய்து நாட்கூலி வாங்குகிறவரைக் காப்புறுதி உங்கள் தொழிலாளியாகவே பார்க்கும். தொழிலாளி இருந்தால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி கட்டாயம், குறைந்தது 5 மில்லியன் பவுணுக்கு. இல்லாமல் வேலை செய்வித்தால் நாள் ஒன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டம். நெருங்கிய உறவினருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதுவும் லிமிட்டெட் கொம்பனியாகப் பதியாதவர்களுக்கு. அந்தப் பட்டியலில் அப்பா, அம்மா, மகன், கூடப்பிறந்த அண்ணன், தம்பி எல்லோரும் இருக்கிறார்கள். மச்சான் இல்லை. எங்கள் முறைகளை எங்களிடம் கேட்காமல் எழுதிவிட்டார்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2016 ஓகஸ்ட் 12 முதல் நடைமுறையில் இருக்கும் காப்புறுதிச் சட்டப்படி, நீங்கள் மீறிய நிபந்தனை நடந்த விபத்தின் ஆபத்தைக் கூட்டியிருக்கவே முடியாது என்று காட்டினால், அதைச் சாட்டாக வைத்துக் கொம்பனி மறுக்க முடியாது. தீயணைப்பான் வானில் இருந்ததுதான், ஆனால் வாசலில் கிடந்த உங்கள் வயரில் தடக்கி ஒருவர் கால் முறிந்தது என்றால், தீயணைப்பானைக் காட்டி மறுக்கமுடியாது. அந்தப் பிளம்பர் தம்பிக்காக நானும் இந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எரிந்தது நெருப்பால். சரிவரவில்லை.

மறுப்பு நியாயமில்லை என்று பட்டால் முதலில் கொம்பனிக்கே முறைப்பாடு எழுதுங்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம். பிறகு ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். உங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. ஆனால் இறுதிப் பதில் வந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போய்விடவேண்டும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து கையைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். இன்றிரவு சாப்பிட்ட பிறகு அந்த ஈமெயிலைத் தேடி எடுத்து, நிபந்தனைகள் தொடங்கும் பக்கத்தைத் திறவுங்கள். ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் மகளையோ மகனையோ வாசிக்கச் சொல்லுங்கள். "ஹீட்" என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிய உங்கள் தரகரைப் பேசவேணும் போல் இருந்தால், திங்கட்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் அலுவலகத்தில் இருப்போம்.