அருவிக்குப் போகிற பாதையில் ஊன்றிய கல்

(தென்காசி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் பீடித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



குற்றாலத்தைப் பற்றிப் பேசு என்றால் யாரும் அருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனி ஆடிச் சாரலில் ஏழையும் பணக்காரனும் ஒரே தண்ணீருக்குத் தலையைக் கொடுத்து நிற்கிறார்கள் என்று சந்தோஷப்படலாம். நான் இன்று அருவியைப் பற்றிப் பேசப் போவதில்லை. தென்காசியிலிருந்து அருவிக்குப் போகிறீர்களே, அந்தப் பாதையின் இருபுறமும் வயலில் கல் ஊன்றியிருக்கிறார்களே, அந்தக் கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வழியில் இருக்கிற மேலகரம் சாமானியமான ஊர் அல்ல. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் நின்றது. பாட்டுப் பாடினால் நிலம் கிடைத்த காலம் அது. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு என்ன கிடைத்தது என்று நாம் எங்கும் படித்ததில்லை.

குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் கலக்கிறது. அதன் தண்ணீரில்தான் இங்கே காரும் பிசானமும் விளைந்தன, இன்றும் விளைகின்றன. ஆனால் 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. புது மாவட்டம் என்றால் புது அலுவலகங்கள். அலுவலகங்கள் என்றால் குடியிருக்க வீடுகள். மாவட்டம் வந்ததை நாம் வரவேற்றோம். மனுக் கொடுக்கத் திருநெல்வேலிக்கு ஓடவேண்டிய கஷ்டம் போயிற்று. ஆனால் சென்ட் விலை ஏறியதும், ஏர் ஓட்டிய நிலம் 'நகர்' ஆனதும் அதே வேகத்தில்தான் நடந்தது.

ஒரு ஏக்கர் நடவுக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்குவார்கள். பிறகு களையெடுப்பு, பிறகு அறுப்பு. அதே ஏக்கர் மனையாகும்போது சாலைக்குப் போக மீதி நிலம் சென்ட் கணக்கில் விற்கிறது. நிலத்துக்காரருக்கு ரொக்கம் கிடைத்தது. தரகருக்குக் கமிஷன் கிடைத்தது. நடவுக்காரிக்கு யாராவது ஒரு காசு நஷ்ட ஈடு கொடுத்தார்களா? கிரயப் பத்திரத்தில் அவள் பெயருக்கு இடமே கிடையாது. நேற்று நாற்று நட்ட அதே இடத்தில் இன்று அவள் வீட்டு வேலைக்கு வந்து பாத்திரம் தேய்க்கிறாள்.

இதைச் சொல்கிற நான் யார் என்று கேட்பீர்கள். நானும் அப்படி ஒரு நகரில் குடியிருக்கிறவன்தான். ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவன். வருங்கால வைப்பு நிதியில் வந்த பணத்தை எல்லாம் கொட்டி 4 சென்ட் வாங்கினேன். வாடகை வீட்டில் ஆயுள் முழுக்கக் காலம் தள்ளியவனுக்குச் சொந்தமாக ஒரு சுவர் வேண்டும் என்ற ஆசை தப்பா? நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வாங்கியது அங்கீகாரமில்லாத மனை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோதுதான் எனக்கே அது தெரிந்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். மனை விற்றவர் அதற்குள் வேறு ஊரில் கல் ஊன்றிக்கொண்டிருந்தார்.

அந்த நகரில் வாழ்க்கை எப்படி? காற்று நல்ல காற்று. சாரல் நாளில் மேற்கே பார்த்தால் மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும். கதவைத் திறந்தால் தூவானம் முகத்தில் அடிக்கும். துணிதான் மூன்று நாளானாலும் காயாது! கடைக்குப் போக நடக்க வேண்டும். இரவு பஸ் கிடையாது. கழிவு நீருக்கு வழி கிடையாது. இதெல்லாம் போகப் போகச் சரியாகும். சரியாகாத ஒன்று உண்டு.

பழைய தெருவில் என் மனைவி பீடி சுற்றினாள். சாயங்காலம் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் சொளவை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இலை எடை குறைந்தது, தூள் பற்றவில்லை, கடையில் எவ்வளவு பீடியைக் கழித்துப் போட்டான் என்பதெல்லாம் அங்கே பேச்சு. ஒருத்திக்குக் கழித்தால் மறுநாள் ஏழு பேரும் கடைக்குப் போவார்கள். 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது டெல்லியில். அது நம் தெருவுக்கு வந்தது இந்தத் திண்ணை வழியாகத்தான். புது நகரில் திண்ணை கிடையாது. சுற்றுச்சுவர், இரும்புக் கேட், கேட்டுக்குப் பூட்டு. உள்ளே ஒருத்தி தனியாக உட்கார்ந்து சுற்றுகிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு எவ்வளவு கழித்தான் என்று இவளுக்குத் தெரியாது.

எங்கெல்ஸ் 1872-ல் வீட்டுப் பிரச்னையைப் பற்றி எழுதினார். 1887-ல் அதற்கு எழுதிய முன்னுரையில் ஜெர்மனி நாட்டுக் குடிசைத் தொழிலாளிகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுக்குச் சொந்த வீடு உண்டு, தோட்டம் உண்டு. அதனாலேயே முதலாளி கூலியைக் குறைத்தான். வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போகவும் அவர்களால் முடியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு என் வீட்டுக் கேட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொன்று. நகருக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தால் முதல் கேள்வி, "எந்த ஊர்?" அடுத்த கேள்வி, "அங்கே எந்தத் தெரு?" எதற்காகக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். வாத்தியார் இருக்கிறார், ஓவர்சியர் இருக்கிறார், அரபு நாட்டில் கட்டடம் கட்டித் திரும்பியவர் இருக்கிறார். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். முப்பது வருஷம் அந்த வயலில் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். "அய்யா, அந்தப் பூவரசுக்குக் கீழேதான் மடை. அதுமேலல்லா நீங்க செவுரு வச்சிருக்கிய!" என்றார்.

சுவருக்குச் சொந்தக்காரர் தயங்கினார். தண்ணீர் அவர் வீட்டு வாசற்படி ஏறியதும் தயக்கம் போயிற்று. நாலு பேர் சேர்ந்து சுவரை உடைத்தோம். விடிவதற்குள் தெரு வடிந்தது. பெரியவருக்கு எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தோம். அவ்வளவுதான்.

பிறகு குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்று ஏற்பட்டது. நல்ல காரியம்தான், நானும் உறுப்பினன். உடைத்த சுவரை மூன்றாம் மாதமே கட்டிவிட்டார்கள். அதைப் பற்றிச் சங்கத்தில் பேச்சே இல்லை. ஆனால் போன கூட்டத்தில் மாவட்ட ஆட்சித்தலைவருக்குக் கொடுக்க ஒரு மனு வந்தது. வாய்க்கால் கரை புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுமாம். ஆக்கிரமிப்பு என்றால் எது? அந்தப் பெரியவரின் குடிசை!

தோழர்களே, 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது. அது சும்மா வந்த சட்டமா? அந்தச் சட்டம் இந்தப் பெரியவருக்கு உதவாது. அவர் இருப்பது நீர்வழிப் புறம்போக்கு. அங்கே பட்டா கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. வாய்க்கால் வாய்க்காலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு மாற்று மனை கேட்கலாம். நிலமில்லாத ஏழைக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கேட்பது பிச்சையல்ல. முதலில் மாற்று மனை, பிறகு அகற்றுவது. மடைமேல் நிற்கும் சுவருக்கும் அதே மனுவில் இடம் வேண்டும்.

இதைச் சொன்னேன். "நீங்களும் மனைக்காரர்தானே, யார் பக்கம் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. என் மனைவியும் போடவில்லை. அவள் அத்தோடு நிற்காமல் இரண்டு நாளாக வீடு வீடாகக் கேட்டைத் தட்டிப் பீடி சுற்றுகிற பெண்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் நகரில் மட்டும் பதினோரு பேர். ஒருத்திக்கும் மற்றவள் பீடி சுற்றுவது தெரியாது!

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். பெரியவரின் பெயரில் மாற்று மனை கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அந்தப் பதினோரு பேரும் கூட்டத்துக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் இரண்டு பேராவது வாருங்கள். மடை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு ஆள் வேண்டும்.