ஒரு லொறிச் சல்லி

வீடு கட்ட முனைவோர் கருங்கற் சல்லியை நிறுத்து வாங்குவதில்லை. கியூப் என்னும் அளவையாலேயே வாங்குகின்றனர். நூறு கன அடி கொண்டது ஒரு கியூப். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள தரையில் ஓரடி உயரத்திற்குப் பரப்பினால் எவ்வளவோ, அவ்வளவு. ஆனால் லொறியின் அச்சு கன அடியை அறியாது. அஃது அறிவது எடை ஒன்றையே. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வீதிக்கும் நேரும் தொல்லைகள் பலவும் இவ்வேற்றுமையிலிருந்தே தோன்றுகின்றன.

உடைத்த கல்லின் இடையிடையே வெற்றிடம் உண்டு. குவியலின் பருமனில் ஐந்தில் இரு பங்களவு காற்றேயாம். ஆதலின் ஒரு கியூப் சல்லி ஏறக்குறைய 4¼ மெட்ரிக் தொன் நிறையுடையது. உட்புறம் 14 அடி நீளமும் 7 அடி அகலமும் 3 அடி உயரமும் அமைந்த டிப்பர் பெட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். மட்டமாக நிரப்பினால் 294 கன அடி, அதாவது மூன்று கியூபுக்குச் சற்றுக் குறைவு, கொள்ளும். பாரம் 12½ தொன். அதன்மேல் முக்காலடிப் பலகை கட்டி உயர்த்தினாலோ, மேலும் மூன்று தொன் ஏறிவிடும். பயணத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடங்களில் அப்பலகை தானாகவே முளைத்துவிடுகின்றது!

பெலருஸ் நாட்டில் 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த பெலாஸ் 75710 என்னும் சுரங்க லொறி 450 தொன் சுமக்கும். நூறு கியூப் சல்லியின் எடைக்கும் அது மேற்பட்டது. எனினும் அது பொது வீதியில் ஓடுவதன்று. பொது வீதியின் பொறுமை மிகச் சிறிது. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓட்டிப் பெரிய பரிசோதனையொன்று நிகழ்த்தினர். அச்சின் பாரம் பெருகும்போது வீதியின் தேய்வு ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கிற் பெருகும் என்பது அதனாற் புலனாயிற்று. பாரம் ஐந்திலொரு பங்கு மிகுந்தால் தேய்வு இருமடங்காகும்; பாரமே இருமடங்கானால் தேய்வு பதினாறு மடங்கு. கிராமத்து மதகும் ஒழுங்கையும் ஒரு மழைக்காலத்துள் சிதைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இளகிய நிலத்தில் மிகைப் பாரத்தோடு பெட்டியை உயர்த்தும் லொறி பக்கவாட்டிற் சரிவதும் உண்டு. அருகே நிற்போர்க்கு அஃது உயிராபத்து.

இனி வாங்குபவர் நிலை. முற்கூறிய பெட்டியில் அரையடி குறைந்தால் 49 கன அடி, அஃதாவது அரைக் கியூப், போயிற்று. கண்ணுக்கு அது பெரிதாகத் தோன்றாது. நடுவே குவித்து ஓரங்களைத் தாழ்த்தியிருப்பின் சிறிதும் தோன்றாது. ஆயினும் குறைவெல்லாம் களவென்று கொள்வதும் முறையன்று. கற்குவாரியிலிருந்து குலுங்கி வரும் சல்லி வழியிற் சற்றே அமரும். மணலின் செயல் இதற்கு மாறானது: சிறிது ஈரம் பட்ட மணல் பொங்கி, நாலிலொரு பங்குவரை கூடக் கூடுதலாகத் தோன்றும். உலர்ந்தபின் பார்த்தால் அக்கூடுதல் இராது. பருஞ்சல்லிக்கு அப்பொங்குதல் இல்லையென்றே கூறலாம்.

பின்கதவைத் திறக்குமுன் மேலேறி, சல்லியை மட்டமாக்குவித்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் கோல் இட்டு ஆழம் பார்த்து, அவற்றின் சராசரியைப் பெட்டியின் உள்நீள அகலங்களாற் பெருக்குதல் வேண்டும். கால்மணி நேர வேலை. தரையிற் கொட்டிய பின் அளவு காண்பது அரிது.