கக்கூசுக் குழியும் செங்கமாரியும்
(தாய்மார் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேசப் போவது மூக்கைப் பொத்த வைக்கிற விஷயம். சிரித்தாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போங்கள்.

மேல் லயத்துக் கக்கூசுக் குழி நிரம்பி வழிகிறது. அந்தத் தண்ணீர் கானில் இறங்கி ஓடையில் சேருகிறது. கீழ் லயத்துப் பீலிக்கு வருவதும் அதே ஓடைத் தண்ணீர்தான். சில வாரம் கழித்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள். இப்படிப்பட்ட லயங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2007 இல் கம்பளையில் செங்கமாரி பரவியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவும் செங்கமாரிக்குக் காரணம் ஹெப்படைட்டிஸ் ஏ போன்ற வைரஸ்கள். இந்த வைரஸ் குழிக்குள் பெருகாது, மனித உடம்புக்குள்தான் பெருகும். குழிக்குள் அது சும்மா காத்திருக்கும். ஆனால் அங்கே அது தனியாக இல்லை. கோடிக்கணக்கான பக்டீரியாக்களும், அவற்றைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் அதே குழியில்தான் இருக்கின்றன.

அங்கே நடப்பது என்ன? சில பக்டீரியாக்கள் தங்கள் சாப்பாட்டைக் கரைக்க ஒருவகை நொதியத்தை விடுகின்றன. அது புரதத்தைக் கரைக்கும். ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸின் மேலோடும் புரதம்தான். ஓடு கரைந்தால் வைரஸின் கதை முடிந்தது. குடலில் நோய் உண்டாக்கும் சில வைரஸ்கள் இப்படி அழிவதை, 1972 இல் அமெரிக்காவில் கிளிவர், ஹெர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். எல்லா வைரஸும் ஒரே மாதிரி மசிவதில்லை. சில வைரஸ் அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "அப்படின்னா குழிக்குள்ள லைசோல் ஊத்தினா எல்லாக் கிருமியும் செத்துப்போகுந்தானே?" நல்ல கேள்வி. லைசோல் ஊற்றினால் முதலில் சாவது நமக்காக வேலை செய்கிற பக்டீரியாக்கள். ஆகவே குழிக்குள் லைசோலோ குளோரினோ கொட்ட வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், பக்டீரியாவின் மேற்தோலில் உள்ள பொருளோடு ஒட்டிக்கொண்ட போலியோ வைரஸ், சூட்டையும் குளோரினையும் கூடுதலாகத் தாங்கியது. மழைக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு மலைக்குப் போகிற ஆள் மாதிரிதான். நம் நாட்டில் 1993 க்குப் பிறகு போலியோ நோயாளி யாரும் இல்லை. ஆனால் அந்தப் பாடம் நமக்கு வேண்டும். அழுக்கோடு சேர்ந்த வைரஸைக் கொஞ்சம் குளோரின் தூளால் மட்டும் விரட்டிவிட முடியாது.

ஆக, அதே பக்டீரியா வைரஸை அழிக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும். அழித்து முடிக்க அதற்குக் காலம் வேண்டும். நம்முடைய மலைக் குளிரில் அந்த வேலை இன்னும் மெதுவாக நடக்கும். குளிரில் வைரஸுக்கும் ஆயுள் அதிகம். அதனால்தான் அரைகுறையாகக் கிடந்த குழியைக் கானில் திறந்துவிடுவது பெரிய ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை இவை:

குழி நிரம்பினால் அதை மூடிவிட்டு வேறு குழிக்கு மாறுங்கள். பழைய குழி 2 வருடமாவது மூடிக் கிடக்கட்டும். பீலிக்கோ கிணற்றுக்கோ மேற்பக்கத்தில் குழி வேண்டாம். குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். குடிநீரைத் துணியில் வடித்து, தளதளவென்று 3 நிமிடம் கொதிக்க வையுங்கள். கக்கூசுக்குப் போய் வந்தாலும், பிள்ளைக்குக் கால் கழுவி விட்டாலும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

புதுக் குழிக்கு இடமும் சாமானும் இல்லையென்றால் பேசாமல் இருக்காதீர்கள். தலைவர்மாரைக் கூட்டிக்கொண்டு போய் நிர்வாகத்திடம் கேளுங்கள். மேல் லயத்தார் குழியைச் சரியாக மூடினால், பிழைப்பது கீழ் லயத்துப் பிள்ளை. இதை யாரும் மறந்துவிடாதீர்கள்.